பட்டறை மேசையில் பிறந்த சின்னத் தோட்டாக்கள்

1930-ல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி ஒரு புதுத் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் .22 ஹார்னெட். அதைப் போட்டுச் சுடுவதற்கான துப்பாக்கியை அன்றைக்கு எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. வின்செஸ்டரும் தயாரிக்கவில்லை. அப்புறம் யார் வாங்கினார்கள்? தங்கள் ரைஃபிளைப் பட்டறையில் கொடுத்து அந்தத் தோட்டாவுக்கு ஏற்ப முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தவர்கள்தான். கேட்டு வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் கம்பெனி தோட்டாவைச் செய்தது. கம்பெனித் துப்பாக்கி அதற்குப் பிறகுதான் வந்தது.

தொழிற்சாலைப் பட்டியலில் இல்லாமல், தனி ஆட்கள் தங்கள் யோசனைப்படி ஏதோ ஒரு தோட்டாவை உருமாற்றி உண்டாக்கும் வகைகளுக்கு வைல்ட்கேட் என்று பெயர். பிரஸ் டூல் வேலையில் பல காலம் இருந்தவன் என்பதால் எனக்கு இந்த உலகத்தின் மேல் தீராத ஈர்ப்பு. துப்பாக்கிகூட எனக்கு இரண்டாம்பட்சம். பித்தளையை அழுத்தி, குறுக்கி, பெருக்கி இன்னொன்றாக மாற்றும் கைவேலைதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. இதில் சிறிய குழல்காரர்கள், அதாவது .22 அங்குலத் துவாரத்திலும் அதற்குக் கீழும் அதையொட்டியும் வேலை செய்தவர்கள், ஒரு தனி ஜாதி. அவர்கள் கிளம்பியது வேகத்தைத் தேடி. வழியில் குழல்களைத் தேய்த்தார்கள், கணக்குகளில் ஏமாந்தார்கள், கடைசியில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

தோட்டா என்பதில் நான்கு பொருள்தான் இருக்கிறது. பித்தளை உறை, அதன் அடியில் பொறி கொடுக்கும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பெரும்பாலான ரைஃபிள் உறைகளுக்கு உடம்பு, தோள், கழுத்து என்று மூன்று பகுதி உண்டு. உடம்பு மருந்தை வைத்திருக்கும், கழுத்து குண்டைப் பிடித்திருக்கும். வைல்ட்கேட் செய்பவர் அநேகமாக இந்தக் கழுத்திலும் தோளிலும்தான் கை வைப்பார். பெரிய உறையின் கழுத்தை ஒரு டையில் அழுத்திக் குறுக்கினால், அதே அளவு மருந்துக்கு முன்னால் இப்போது சின்னக் குண்டு உட்காரும். குண்டு இலேசு, தள்ளுகிற மருந்து அதிகம், ஆகவே வேகம் கூடும். அடிப்படை யோசனை இவ்வளவுதான்.

பித்தளை சும்மா விடாது. தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். குளிர்ந்த நிலையில் அழுத்த அழுத்த அது இறுகிக்கொண்டே போகும். குறுக்கிய கழுத்தில் சுவர் தடிக்கும். தடித்ததைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இறுக்கம் நீங்க, அடிப்பாகம் சூடேறாதபடி கழுத்தை மட்டும் பக்குவமாகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலோகவியல் கற்றுக்கொண்டது நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. வெயில் வந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்கள் விரிசல் விட்டிருந்தன. காரணம் புரியப் பல ஆண்டுகள் பிடித்தன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், அழுத்தி உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து உலோகத்தைப் பிளக்கின்றன. கழுத்தைச் சூடுகாட்டி இறுக்கத்தை எடுத்துவிட்டால் விரிசல் இல்லை. நியூயார்க் மாநிலத்துக் கிராமப் பட்டறையில் ஒருவர் கழுத்தைச் சூடாக்கியபோது அவருக்கு நம் லாயங்களின் கதை தெரிந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

ஏன் சிறிய குழல்? அதற்கு அமெரிக்க விவசாய நிலத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கு மாநிலங்களில் கிரவுண்ட்ஹாக் என்ற பிராணி உண்டு. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் நன்கு பருத்தது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும், பயிரைத் தின்னும். மேற்கில் பிரெய்ரி டாக் கூட்டங்கள். தூரத்தில், ஒரு கையகலக் குறியாக மட்டுமே தெரியும் இவற்றைச் சுட, வளையாமல் நேராகப் போகும் குண்டு வேண்டும். பக்கத்தில் பண்ணை வீடுகளும் மாடுகளும் இருப்பதால், தரையில் பட்டதும் தெறித்து எங்கோ போகாமல் அங்கேயே நொறுங்கிவிடும் குண்டாகவும் இருக்க வேண்டும். இலேசான, மிக வேகமான சின்னக் குண்டு இரண்டையும் செய்தது. 1930-களில் நல்ல தொலைநோக்கிக் கண்ணாடிகளும் ரைஃபிள்களின் மேல் ஏறின. கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் தூரத்தின் மேல் ஆசை வந்தது.

இந்த வேட்டையை நான் மனமார ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிரெய்ரி டாக்கைத் தொல்லை என்று சொல்லி விஷம் வைத்தும் நிலத்தை உழுதும் ஒழித்ததில், அதையே உணவாக நம்பியிருந்த கருங்கால் ஃபெரட் என்ற பிராணி பூண்டோடு போய்விட்டது என்றே ஒரு கட்டத்தில் எண்ணினார்கள். 1981-ல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்ஸி அருகே மிச்சமிருந்த சில கண்ணில் பட்டன. பிழைத்துக்கொண்டது. தோட்டாவின் வரலாற்றை எழுதுபவன் அந்தத் தோட்டா எதன் மேல் பாய்ந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஹார்னெட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவ ஆயுதசாலையைச் சுற்றி இயங்கிய ஒரு சிறு கூட்டம். டவுன்சென்ட் வீலன், குரோவனர் வாட்கின்ஸ் ஆகிய ராணுவ அதிகாரிகள் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் எடுத்தது 1885-ம் ஆண்டின் பழைய கரும்மருந்துத் தோட்டா. அந்த உறைக்குள் நவீனப் புகையில்லா மருந்தையும் செம்புக் கவசம் போட்ட குண்டையும் வைத்தார்கள். சாதாரண .22 ரிம்ஃபயர் தோட்டாவைப்போல இரு மடங்கு வேகம் கிடைத்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. வாட்கின்ஸ் அடுத்து .250 சாவேஜ் உறையின் கழுத்தை .22-க்குக் குறுக்கினார். வின்செஸ்டர் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, வேறொரு கடற்படைத் தோட்டாவின் உறையில் அதைச் செய்து, 1935-ல் .220 ஸ்விஃப்ட் என்று வெளியிட்டது. 48 கிரெயின் குண்டு, அதாவது மூன்று கிராமுக்குச் சற்று அதிகம், வினாடிக்கு 4,110 அடி. கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் 4,000 அடியைத் தாண்டிய முதல் தோட்டா இது.

பட்டறைக்காரர்கள் கம்பெனியின் உறையை ஏற்கவில்லை. .250 சாவேஜ் உறைதான் சரி என்று பிடிவாதமாக நின்றார்கள். அவர்களில் ஜே. இ. கெபி என்ற ஓஹையோ துப்பாக்கி வேலைக்காரர் தன் வடிவத்துக்கு வார்மின்ட்டர் என்று பெயர் வைத்து, பெயரை வணிகக் குறியாகவும் பதிவு செய்துகொண்டார். மற்றவர்கள் அந்தப் பெயரைப் போட முடியாததால் .22-250 என்று எழுத ஆரம்பித்தார்கள். பதிவு செய்யாத பெயர்தான் கடைசியில் நிலைத்தது. 1963-ல் பிரௌனிங் கம்பெனி இதற்கான ரைஃபிளை விற்றது. அப்போதும் இது வைல்ட்கேட்தான், தொழிற்சாலைத் தோட்டா கிடையாது. 1965-ல் ரெமிங்டன் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. சுமார் முப்பது ஆண்டு ஆயிரக்கணக்கான கைகளில் ஓடித் தேறிய பிறகு கம்பெனி கதவைத் திறந்தது. இன்றைக்கு ஸ்விஃப்டைவிட .22-250 தான் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. பட்டறைக்காரர்களின் பிடிவாதம் சரி என்று காலம் காட்டிவிட்டது.

இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பார்க்கர் ஓட்டோ ஆக்லி. 1903-ல் பிறந்து 1989-ல் மறைந்தவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கொலராடோவின் டிரினிடாட் நகரில் குழல் கடைந்து விற்றார், அங்கிருந்த கல்லூரியில் துப்பாக்கி வேலை சொல்லிக்கொடுத்தார், பெரிய கையேடு ஒன்றும் எழுதினார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட முறை மிக எளிமையானது. துப்பாக்கிக் குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறையைச் சேம்பர் என்பார்கள். ஆக்லி அந்தச் சேம்பரை ரீமர் விட்டுச் சற்றுப் பெரிதாக்குவார். பக்கச் சுவர்கள் நிமிர்ந்திருக்கும், தோள் 40 டிகிரியில் கூர்மையாக இருக்கும். அதில் கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். சுடும் அந்த நொடியில் உறை உள்ளிருந்து பெருத்து, புதுச் சேம்பரின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்த முறை அதே உறைக்கு மருந்து கூடுதலாகப் பிடிக்கும். துப்பாக்கியே டையாக வேலை செய்கிறது. அழுத்தம் கொடுக்கத் தனி பிரஸ் வேண்டாம், தோட்டாவின் அழுத்தமே போதும். ஹார்னெட்டில் இதே வேலையை லைசில் கில்போர்ன் 1940-ல் செய்து கே-ஹார்னெட் என்று பெயர் வாங்கினார். எத்தனையோ டைகளைப் பார்த்த என் கண்ணுக்கு, இதற்கு நிகரான சிக்கனம் வேறெதிலும் தெரியவில்லை.

ஆக்லி சொல்வதோடு விடாமல் செய்து பார்ப்பார். நேரான சுவர் கொண்ட உறை வெடிக்கும்போது சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே பின்பக்கம் போல்ட்டின் மேல் விழும் உதை குறையும் என்பது அவர் வாதம். அதைக் காட்ட, வின்செஸ்டர் 94 ரைஃபிளில் பின்பக்கத்தைப் பூட்டும் உறுப்பையே கழற்றிவிட்டு, தூரத்தில் நின்று சுட்டுப் பார்த்தார். பழைய ராணுவ ரைஃபிள்களை மருந்து கூட்டிக்கொண்டே போய் வேண்டுமென்றே வெடிக்கவைத்து, எது எவ்வளவு தாங்கும் என்று குறித்து வைத்தார். அவருடைய எல்லா முடிவையும் இன்றைய பொறியாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் உடைத்துப் பார்த்து எழுதும் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வேகத்தின் எல்லையையும் அவர்தான் தொட்டார். 1960-களில் ஒரு பத்திரிகையாளருக்காக, யானை வேட்டைக்கு உண்டான .378 வெதர்பி உறையை எடுத்து .22-க்குக் குறுக்கினார். வினாடிக்கு 5,000 அடியைத் தாண்டிவிட வேண்டும் என்பது இலக்கு. ஜெர்மன் மாதிரி ஒலிக்கும்படி விளையாட்டாக ‘இயர்ஜ்ஸ்ப்ளிட்டன் லவுடன்பூமர்’ என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்கோயில் தேரை ஒற்றையடிப் பாதையில் இழுத்த மாதிரிதான் ஆனது. அவ்வளவு மருந்தின் வாயுவும் அந்த ஊசிக் குழல் வழியாக வெளியேற இடமில்லை. 50 கிரெயின் குண்டு 4,600 அடியோடு நின்றுவிட்டது. சாதாரண .22-250-யைவிட மிக அதிக மருந்து எரித்துக் கிடைத்த லாபம் எவ்வளவு என்று பாருங்கள். குழலின் துவாரத்துக்குப் பொருந்தாத அளவு மருந்து வைத்தால் கூடுதல் மருந்து குண்டைத் தள்ளுவதைவிடக் குழலைத்தான் அதிகம் தின்னும். சேம்பரை ஒட்டிய குழலின் தொண்டைப் பகுதியில் எஃகின் மேற்பரப்பு வெந்து, நுண்ணிய விரிசல் விட்டு, அரிக்கும். ஸ்விஃப்டுக்கும் ஆரம்பத்திலேயே குழல் தின்னி என்ற கெட்ட பெயர் வந்தது இதனால்தான்.

வேகத்தைப் பற்றிய பேச்சு அடங்கியதற்கு இன்னொரு காரணம் அளவுகோல். குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் நெடுங்காலம் பெரிய ஆய்வுக்கூடங்களிடம் மட்டுமே இருந்தது. பட்டறைக்காரர்கள் வேகத்தை அனுமானத்தில் சொன்னார்கள். பத்திரிகைகளில் பிரமாதமான எண்கள் வந்தன. 1960-களில் டெக்சாஸின் கென் ஓலர் போன்றவர்கள் தனி ஆள் வாங்கக்கூடிய மின்னணுக் கிரோனோகிராஃபுகளைச் செய்து விற்றார்கள். அதன்பின் பல பெருமைகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கின. அளக்க முடியாத இடத்தில் எப்போதும் கதைதான் வளரும். எங்கள் தொழிலில் மைக்ரோமீட்டர் வந்த இடமெல்லாம் நடந்ததும் இதுதான்.

.17-காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .17 என்றால் குழல் துவாரம் ஏறக்குறைய 4.4 மில்லிமீட்டர். ஆக்லியும் வேறு சிலரும் 1940-களிலேயே இறங்கினார்கள். ஹார்னெட், பீ, .30 கார்பைன் என்று கைக்குக் கிடைத்த உறையையெல்லாம் .17-க்குக் குறுக்கினார்கள். குண்டு செய்வதே பெரும்பாடு. குழலில் செம்பு சீக்கிரம் படியும், துடைக்கத் தனி மெல்லிய கம்பி வேண்டும், சிறு காற்றும் குண்டைத் தள்ளிவிடும். இருந்தும் விடவில்லை. 1971-ல் ரெமிங்டன் .17 ரெமிங்டனைக் கொண்டுவந்தது: ஒன்றரைக் கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 4,000 அடிக்கு மேல். 2002-ல் ஹார்னடி கம்பெனி .22 மேக்னம் ரிம்ஃபயரை .17-க்குக் குறுக்கியபோதுதான் இந்தச் சின்னக் குழல் சாதாரண மக்களிடம் போனது. .17 ஹார்னெட்டுக்கோ ஆக்லி காலத்திலிருந்து 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பில் ஐகெல்பர்கர் என்பவர் இன்னும் கீழே இறங்கி .14, .12, .10 வரை போனார். .10 என்றால் துவாரம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அதற்குக் குழல் கடைவது, புரி வெட்டுவது, குண்டு அழுத்துவது எல்லாம் கடிகார வேலைக்கு நெருங்கியது. பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வேலைப்பாட்டை நான் மதிக்கிறேன்.

குண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. அப்போது சிலர் சுடுதளங்களில் சிதறிக் கிடக்கும் .22 ரிம்ஃபயர் காலி உறைகளைப் பொறுக்கி, விளிம்பை இழுத்துத் தட்டையாக்கி, உள்ளே ஈயம் வைத்து அழுத்தி, .22 குண்டுக்குக் கவசமாக்கினார்கள். கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹன்டிங்டன் 1943-ல் இந்த வேலைக்கென்று டை செய்ய ஆரம்பித்தார். ஆர்சிபிஎஸ் என்று இன்றைக்கும் புகழோடு இருக்கும் கம்பெனி அங்கேதான் தொடங்கியது. அந்த எழுத்துகளில் இருப்பதே ராக்சக் என்ற பிராணியைச் சுடும் குண்டுக்கான அச்சு. கழிவிலிருந்து குண்டு, குண்டிலிருந்து கம்பெனி.

இப்போது துல்லியத்துக்கு வருகிறேன், என் மனசு இங்கேதான் இருக்கிறது. பெஞ்ச்ரெஸ்ட் என்றொரு போட்டி உண்டு. கனமான மேசை, மணல் மூட்டை, அதன்மேல் ரைஃபிள். நூறு கஜத் தூரத்தில் ஐந்து குண்டு. ஐந்தும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதே கணக்கு. இங்கே வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஹார்வி டொனால்ட்சன் .219 ஜிப்பர் உறையைக் குட்டையாக்கிச் செய்த வாஸ்ப் தோட்டா ஒரு காலத்தில் இந்த மேசைகளில் கொடிகட்டியது. 1950-ல் ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர் .222 ரெமிங்டனைக் கொண்டுவந்தார். அவரே பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர். வேறு உறையை உருமாற்றாமல் புதிதாக வரைந்த தோட்டா அது. அமெரிக்க ராணுவத்தின் 5.56 மி.மீ. தோட்டா பிற்பாடு இந்தக் கிளையிலிருந்துதான் வளர்ந்தது. .222-ன் மேக்னம் உறையைப் பட்டறைக்காரர்கள் 6 மில்லிமீட்டராக விரித்து 6×47 என்றார்கள். 1973-ல் மாக் மெக்மில்லன் அதில் ஐந்து குண்டு சுட்டார். குண்டு மையங்களுக்கு இடையிலான அதிகபட்சத் தூரம் 0.009 அங்குலம், மில்லிமீட்டரில் கால்வாசிக்கும் குறைவு. அந்தச் சாதனை நாற்பது ஆண்டு அசையவில்லை.

1975 வாக்கில் இருவர் சேர்ந்தார்கள். லூ பால்மிசானோ ரத்தநாள அறுவை மருத்துவர். ஃபெரிஸ் பின்டெல் டூல் அண்ட் டை மேக்கர். இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும், மறைக்க மாட்டேன். சோவியத் நாட்டில் ஏ.கே.-47-ன் 7.62×39 உறையைக் குறுக்கி .220 ரஷ்யன் என்ற தோட்டாவை வைத்திருந்தார்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த இரு அமெரிக்கர்களும் அதே உறையை எடுத்து, சுவரை நிமிர்த்தி, தோளை 30 டிகிரிக்குக் கூர்மையாக்கி, ஒன்றை .22-ஆகவும் மற்றதை 6 மில்லிமீட்டராகவும் செய்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தோடு கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்து பி.பி.சி. என்று பெயர். குட்டையான, பருத்த உறை. ப்ரைமர் சிறியது, பொறி போகும் துளையும் சிறியது. மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடியது. சில ஆண்டுகளில் போட்டி மேசைகளில் 6 மி.மீ. பி.பி.சி.யைத் தவிர மற்றவை அரிதாகிவிட்டன. வேகத்தில் இது ஸ்விஃப்டுக்குப் பக்கத்தில்கூட வராது. பட்டறைகளிலிருந்து வந்தவற்றில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அபாயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தொழிற்சாலைத் தோட்டாவுக்கு அளவும் அழுத்த வரம்பும் பொதுத் தரமாக எழுதப்பட்டிருக்கும்; அமெரிக்காவில் 1926-லிருந்து அதற்கென்று ஓர் அமைப்பே இருக்கிறது. வைல்ட்கேட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே பெயரில் இரண்டு பட்டறை இரண்டு அளவில் ரீமர் வைத்திருக்கும். அதோடு உறையின் அடியில் பொறித்திருப்பது பழைய தோட்டாவின் பெயர். உள்ளே இருப்பது வேறு. செய்தவர் இறந்து, துப்பாக்கி கைமாறி, பெட்டியில் ஒரு சீட்டும் இல்லாமல் போனால், அடுத்தவர் கையில் இருப்பது வெடிகுண்டுதான். ஒழுங்கான பட்டறைக்காரர் குழலின் மேலேயே பெயரைப் பொறித்துவிடுவார்.

இத்தனைக்கும் முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்து வக்கீல் சார்லஸ் நியூட்டன். .25-35 உறையைக் குறுக்கி அவர் உருவாக்கியதை சாவேஜ் கம்பெனி 1912-ல் .22 ஹை-பவர் என்று விற்றது. 70 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2,800 அடி. சீனாவில் இருந்த ஹாரி கால்ட்வெல் என்ற மிஷனரி இதைக்கொண்டு புலி சுட்டார், அதனால் பெரும்பேர் வந்தது. அதே கம்பெனிக்கு நியூட்டன் வடிவமைத்த .250-ல் 100 கிரெயின் குண்டைத்தான் அவர் விரும்பினார். வினாடிக்கு 3,000 அடி என்று விளம்பரம் போட ஆசைப்பட்டு கம்பெனி அதை 87 கிரெயினாகக் குறைத்தது. நியூட்டன் சொந்தமாகத் தொடங்கிய ரைஃபிள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. 1932-ல் இறந்தார். அவருக்குப் பின் .22-காரர்கள் எல்லோரும் குண்டை இலேசாக்கிக்கொண்டே போனார்கள். இப்போது போக்கு திரும்பிவிட்டது. 2024-ல் ஹார்னடி வெளியிட்ட .22 ஏ.ஆர்.சி., பி.பி.சி. வந்த அதே ரஷ்ய உறையின் வழித்தோன்றல். அதில் போடுவதோ நீண்ட, கனமான .22 குண்டுகள், 80 கிரெயினைத் தாண்டியவையும் உண்டு. காற்று அவற்றை அவ்வளவு சுலபமாகத் தள்ளாது. அவற்றைச் சுழற்ற புரியை முன்பைவிட நெருக்கமாக வெட்டுகிறார்கள். நியூட்டனின் கையில் அந்த நெருக்கமான புரியும் இன்றைய மருந்தும் இருந்திருந்தால், .22-ன் வரலாறு ஸ்விஃப்ட் பக்கம் போயே இருக்காது என்பது என் கணிப்பு.